மூளையில் இரத்தநாளப் பின்னல்: முடிவெடுக்கக் காலம் உண்டு

நாட்பட்ட தலைவலிக்காகவோ, விபத்தில் தலையில் அடிபட்டதற்காகவோ, முதன்முறையாக வந்த வலிப்புக்காகவோ எடுக்கப்படும் மூளை ஸ்கேன் அறிக்கையில், சில வேளைகளில் யாரும் எதிர்பாராத ஒரு வரி இடம்பெற்றுவிடுகிறது. அதில் ‘ஏ.வி.எம்.’ என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். நம் ஊரில் அவ்வெழுத்துகளைக் கேட்டதும் வடபழனிப் படப்பிடிப்பு நிலையமே நினைவுக்கு வரும். மருத்துவத்திலோ அது தமனியும் சிரையும் முறை தவறி இணைந்து உருவான ஓர் இரத்தநாளப் பின்னலைக் குறிக்கிறது.

அந்த வரியைப் படித்த நாள்முதல் குடும்பத்தின் அமைதி குலைந்துவிடுகிறது. ஒருவர், “உடனே அறுவைச் சிகிச்சை செய்து எடுத்துவிடுங்கள், தலைக்குள் வெடிகுண்டை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது?” என்கிறார். மற்றொருவர், “மூளையில் கத்தி வைத்தால் ஆள் பழையபடி திரும்பமாட்டார், தொடவே தொடாதீர்கள்” என்கிறார். இவ்விரண்டு அறிவுரைகளையும் சுமந்துகொண்டுதான் பெரும்பாலான குடும்பங்கள் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருகின்றன.

இவ்விரண்டுமே அவசரத்தில் பிறந்த முடிவுகள் என்பது எங்கள் கருத்து. இரத்தக்கசிவு ஏற்படாத ஒரு பின்னலைக் குறித்து முடிவெடுக்கப் பெரும்பாலோர்க்கு நாட்களும் வாரங்களும் கிடைக்கின்றன. அந்தக் காலத்தை அச்சத்தில் கழிக்காமல், சரியான படங்களை எடுப்பதற்கும், சரியான கேள்விகளைக் கேட்பதற்கும், நோயாளியின் விருப்பத்தை அறிவதற்கும் பயன்படுத்த வேண்டும். கசிவு ஏற்பட்டுவிட்ட பின்னலின் கணக்கு வேறு. அங்கே தாமதம் ஆகாது. இந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னல் என்பது என்ன?

ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிறது. வாய்க்கால் மடைகளாகப் பிரிந்து வயலுக்குள் நீரைப் பரப்புகிறது. வயலில் ஊறியதுபோக எஞ்சிய நீர் வடிகாலில் மெல்ல வடிகிறது. உடலின் இரத்த ஓட்டமும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்துள்ளது. இதயத்திலிருந்து அழுத்தத்தோடு வரும் இரத்தத்தைச் சுமப்பவை தமனிகள். அவை மேலும் மேலும் பிரிந்து மயிரிழையினும் மெல்லிய நுண்நாளங்களாகின்றன. அந்நுண்நாளங்களே வயல். அங்கே வேகமும் அழுத்தமும் தணிந்து, உயிர்வளியும் ஊட்டமும் மூளைத் திசுவுக்குச் சென்று சேர்கின்றன. பிறகு, குறைந்த அழுத்தத்தைத் தாங்குமாறு அமைந்த மெல்லிய சுவர்களையுடைய சிரைகள் வழியாக இரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது.

தமனி–சிரைப் பின்னலில் இடையிலுள்ள வயல் இல்லை. வாய்க்கால் நேரே வடிகாலோடு இணைந்துவிட்டதைப் போல, தமனியின் முழு வேகமும் சிரையின்மீது பாய்கிறது. அவ்வேகத்தைத் தாங்க இயலாமல் சிரைகள் புடைத்து நெளிகின்றன. பின்னலின் சுவர் எங்கேனும் நலிந்த இடத்தில் உடையும்போது மூளைக்குள் இரத்தம் கசிகிறது. பக்கத்து வயல் காய்வதைப் போல, பின்னலைச் சுற்றியுள்ள மூளைப் பகுதிக்குச் செல்லவேண்டிய இரத்தம் குறைவதும் உண்டு. அத்தகைய பகுதியின் நரம்பணுக்கள் எரிச்சலுற்று வலிப்பை உண்டாக்கலாம்.

இது புற்றுநோய் அன்று, கட்டியும் அன்று, உடலின் வேறிடங்களுக்குப் பரவாது. ‘அனியூரிசம்’ எனப்படும் தமனிப் புடைப்பும் இதுவும் ஒன்றல்ல. ஆனால், சிலருடைய பின்னலில் அத்தகைய புடைப்பும் சேர்ந்திருக்கலாம்; இருந்தால் கசிவின் ஆபத்து கூடுகிறது. ஒரு இலட்சம் பேரில் ஏறத்தாழ 10 முதல் 18 பேருக்கு மூளையில் இப்பின்னல் இருக்கக்கூடும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்களுள் பலர் எந்தத் தொல்லையும் இன்றி வாழ்கின்றனர். தொல்லை தருவோரிடம் அது பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் வெளிப்படுகிறது. படிப்பு, வேலை, திருமணம், பிள்ளைப்பேறு ஆகியவற்றைத் திட்டமிடும் வயது அது. ஆகவேதான் இந்நோய் ஒருவரோடு நிற்காமல் குடும்பம் முழுவதையும் உலுக்குகிறது.

யாருடைய குற்றமும் அன்று

“நான் பிள்ளை உண்டாகியிருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்தேன், அதனாலா?” என்று கேட்கும் தாய்மார் இன்றும் உளர். “சின்ன வயதில் மாடியிலிருந்து விழுந்தான், அதனாலா?” என்று கேட்கும் தந்தையரும் உளர். இரண்டுக்கும் எங்கள் விடை ஒன்றே: இல்லை.

2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட பின்னல்களை ஆராய்ந்து, அவற்றுள் பெரும்பாலானவற்றின் நாளச் சுவர்களில் ‘கே–ராஸ்’ என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டறிந்தது. அதே நோயாளிகளின் இரத்தத்தில் அம்மாற்றம் இல்லை. அதாவது, அது பெற்றோரிடமிருந்து வந்ததன்று. உடல் உருவான பிறகு அந்த ஓரிடத்து அணுக்களில் மட்டும் தானாக நேர்ந்தது. பெரும்பாலான பின்னல்கள் பரம்பரையாக வருவதில்லை. அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிதல், உதட்டிலும் நாவிலும் சிறு செம்புள்ளிகள், குடும்பத்தில் பலருக்கும் இதே தொல்லை என்று அமைந்த ஒரு பரம்பரை நோய் மட்டும் விலக்கு. உங்கள் குடும்பத்தில் அத்தகைய வரலாறு இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

ஒரு படம் போதாது

மூளையின் இரத்தநாளங்களை உயிருள்ள மனிதரிடம் முதன்முதலாகப் படமாகப் பார்த்தவர் போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ், ஆண்டு 1927. சி.டி. ஸ்கேன் நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது 1971இல். பின்னர் எம்.ஆர்.ஐ. வந்தது. இவ்வளவு கருவிகள் வந்த பின்னரும், பின்னலை முழுமையாக அறிய மோனிஸ் காட்டிய வழியின் இன்றைய வடிவமான டி.எஸ்.ஏ. ஆஞ்சியோகிராமையே நாங்கள் இறுதிச் சான்றாகக் கொள்கிறோம்.

ஒவ்வொரு பரிசோதனையும் வேறொரு கேள்விக்கு விடை தருகிறது. இரத்தம் கசிந்துள்ளதா என்பதைச் சில நிமிடங்களில் காட்டுவது சி.டி. ஸ்கேன். பின்னல் மூளையின் எந்தப் பகுதியில் அமைந்துள்ளது, பேச்சுக்கோ கை கால் இயக்கத்துக்கோ உரிய பகுதி எவ்வளவு அருகில் உள்ளது என்பதைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. எந்தத் தமனிகள் பின்னலுக்கு இரத்தம் ஊட்டுகின்றன, எந்தச் சிரைகள் வழியாக அது வடிகிறது, எங்கேனும் புடைப்பு உள்ளதா என்பவற்றைக் கணத்துக்குக் கணம் ஓடும் படமாகக் காட்டுவது டி.எஸ்.ஏ. தொடையிடுக்கு அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயமருந்து விட்டு அப்படம் எடுக்கப்படுகிறது. அதனால் நிலையான நரம்புப் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, நீரிழிவு மாத்திரை ஆகியவை குறித்து முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

“எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றே, மறுபடியும் எதற்கு?” என்ற கேள்வி எங்களுக்குப் பழகியது, செலவை எண்ணிக் கேட்கும் அக்கேள்வியில் நியாயமும் உண்டு. வெறும் கண்காணிப்பு என்று முடிவானால், சிலருக்கு உடனடியாக டி.எஸ்.ஏ. தேவைப்படாமலும் போகலாம். ஆனால், சிகிச்சை என்று இறங்குவதற்கு முன் அப்படம் இன்றியமையாதது. வாய்க்காலின் வரைபடம் இல்லாமல் மடையை அடைக்க இயலாது.

மற்றொன்றையும் இங்கே வலியுறுத்த விரும்புகிறோம். வெளிப்படையான காரணம் இன்றி இளவயதில் ஒருவருக்கு மூளையில் இரத்தம் கசிந்திருந்தால், “இரத்தம் கரைந்துவிட்டது, ஆள் நடமாடுகிறார்” என்ற அளவில் நின்றுவிடக் கூடாது. கசிந்த இரத்தத்தின் அழுத்தத்தில் ஒரு சிறு பின்னல் நசுங்கி, முதல் ஆஞ்சியோகிராமில் தெரியாமல் போகலாம். எனவே, சில வாரங்கள் கழித்து மீண்டும் படம் எடுக்கச் சொல்கிறோம். உடல் தேறிய மகிழ்ச்சியில் பலர் வராமல் நின்றுவிடும் இடம் இதுவே.

கசிந்ததும் கசியாததும்

எல்லாப் பின்னல்களையும் சேர்த்துப் பார்த்தால், இரத்தம் கசியும் வாய்ப்பு ஆண்டுக்கு நூற்றுக்கு 2 முதல் 4 வரை என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. இதுவரை கசியாத பின்னல்களில் இது குறைவு. சிலருக்கு ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஒருமுறை கசிந்த பின்னலில், அடுத்து வரும் ஓராண்டில் ஆபத்து தெளிவாக உயர்ந்து, பின்னர் மெல்லத் தணிகிறது. மூளையின் ஆழத்தில் அமைந்திருத்தல், ஆழ்சிரைகள் வழியாக மட்டும் வடிதல், உடன் புடைப்பு இருத்தல் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. முதல் கசிவிலேயே உயிரிழப்போர் ஏறத்தாழ நூற்றில் பத்துப் பேர். உயிர் பிழைத்தோரிலும் கணிசமானோர் ஏதேனும் ஒரு குறைபாட்டோடு வாழ நேர்கிறது. இதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

இந்த எண்களைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. ஆண்டுக்கு மூன்று விழுக்காடு என்றால், அவ்வாண்டில் நூற்றில் 97 பேருக்கு ஒன்றும் நேராது என்று பொருள். ஆனால், அது ஆண்டுதோறும் ஏறும் வட்டி. 25 வயதில் உள்ள ஒருவர் இன்னும் 50 ஆண்டுகள் வாழ்வார் எனக் கொண்டால், அந்த மூன்று விழுக்காடு சேர்ந்து, ஒருமுறையேனும் கசியும் வாய்ப்பை நூற்றுக்கு 78 ஆக்குகிறது. ஆண்டுக்கு ஒரு விழுக்காடு என்று கொண்டாலும் நூற்றுக்கு 39 ஆகிறது. 65 வயதில் உள்ளவருக்கு அடுத்த பத்தாண்டுகளில் அதே கணக்கு முறையே 26 என்றும் 10 என்றும் முடிகிறது. ஒரே அளவுள்ள பின்னலுக்குப் பேரனுக்கு ஓர் அறிவுரையும் தாத்தாவுக்கு வேறோர் அறிவுரையும் நாங்கள் சொல்வது இதனால்தான்.

சிகிச்சையின் ஆபத்தோ வட்டியைப் போன்றதன்று. ஒரே தவணையில் செலுத்தவேண்டிய தொகை. அதன் பெரும்பகுதி சிகிச்சையின் நாளிலும் அதையொட்டிய காலத்திலும் வந்துவிடுகிறது. நெடுங்காலம் ஏறும் வட்டி பெரிதா, இன்றே கட்டவேண்டிய தொகை பெரிதா என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

அவ்வாறு எடைபோட உதவும் ஓர் எளிய அளவுகோலை 1986இல் ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் என்ற இரு அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்கள் வகுத்தனர். பின்னல் 3 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் ஒரு மதிப்பெண். 3 முதல் 6 வரை என்றால் இரண்டு. அதற்கும் மேல் என்றால் மூன்று. பேச்சு, பார்வை, இயக்கம் போன்ற முக்கியப் பணிகளுக்குரிய பகுதியில் இருந்தால் ஒன்று கூடும். ஆழ்சிரைகளில் வடிந்தால் மேலும் ஒன்று கூடும். கூட்டுத்தொகை ஒன்று அல்லது இரண்டு எனில் அறுவைச் சிகிச்சையின் ஆபத்து குறைவு. நான்கு, ஐந்து எனில் அது மிகுதி. உங்கள் பின்னலின் படிநிலை எத்தனை என்பதை மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மூன்று வழிகளும் நான்காவதும்

முதல் வழி அறுவைச் சிகிச்சை. மண்டையோட்டைத் திறந்து, நுண்ணோக்கியின் துணையோடு ஊட்டும் தமனிகளை ஒவ்வொன்றாக அடைத்து, பின்னலை முழுமையாக எடுத்துவிடுவது. முழுமையாக எடுக்கப்பட்டதை ஆஞ்சியோகிராம் உறுதிசெய்துவிட்டால், கசிவின் ஆபத்து அன்றே நீங்குகிறது. இதுவே இதன் தனிச் சிறப்பு.

இரண்டாவது, கதிர்வீச்சு அறுவை. கத்தி இல்லை, பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் பின்னலில் குவிகின்றன. ஸ்வீடன் நாட்டு அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்ஸல் 1951இல் முன்வைத்த இக்கருத்து, ‘காமா கத்தி’ என்ற கருவியாக வளர்ந்தது. சிறிய, ஆழத்தில் உள்ள பின்னல்களுக்கு இது ஏற்றது. சிகிச்சை முடிந்து ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். ஆனால், நாளங்கள் மெல்லத் தடித்து அடைபட இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை கசிவின் ஆபத்து நீங்குவதில்லை. சிலருக்குச் சில மாதங்கள் கழித்துச் சுற்றிலும் வீக்கம் ஏற்படலாம். எல்லாருக்கும் முழுமையாக அடைபடும் என்ற உறுதியும் இல்லை.

மூன்றாவது, நாளத்தின் உள்ளிருந்தே அடைத்தல். ஆஞ்சியோகிராமைப் போலவே குழாயைச் செலுத்தி, பின்னலுக்குள் ஒருவகைப் பசையை விட்டு அடைப்பது. சிறிய பின்னல்கள் சில இதனாலேயே முழுமையாக அடைபடுவதுண்டு. பெரும்பாலும், அறுவைக்கு முன் இரத்தப்போக்கைக் குறைக்கவோ ஆபத்தான ஒரு புடைப்பை மட்டும் அடைக்கவோ இது பயன்படுகிறது.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஓர் உண்மையைக் குடும்பத்தார் மனத்தில் இருத்த வேண்டும். பாதி அடைபட்ட பின்னல் பாதிப் பாதுகாப்பைத் தருவதில்லை. எஞ்சிய பகுதி கசியக்கூடும். ஆகவே, சிகிச்சையைத் தொடங்குமுன் அதை முடிக்கும் வழியும் திட்டத்தில் இருக்க வேண்டும். “முதலில் பசை வைப்போம், பிறகு பார்ப்போம்” என்று மட்டும் சொல்லப்பட்டால், ‘பிறகு என்ன?’ என்று கேளுங்கள்.

நான்காவது வழி கண்காணிப்பு. இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தல், வலிப்பு இருந்தால் அதற்குரிய மாத்திரைகளை முறையாகத் தருதல், குறித்த காலத்தில் படம் எடுத்தல் ஆகியவை அதில் அடங்கும். “ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள்” என்று வீட்டார் வருந்துவதைக் கேட்டிருக்கிறோம். எண்ணித் துணிந்து, காரணத்தோடு காத்திருப்பதும் மருத்துவமே.

ஓர் ஆய்வு கற்பித்தது

கசியாத பின்னலுக்குச் சிகிச்சை அளிப்பதா, மருந்தோடு கண்காணிப்பதா என்பதை நேருக்கு நேர் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு ‘அரூபா’. அதன் முடிவுகள் 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயின. சராசரியாக 33 மாதங்கள் கவனித்ததில், மருந்து மட்டும் பெற்ற 109 பேரில் 11 பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. இடையீட்டுச் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்ட 114 பேரில் 35 பேருக்கு நேர்ந்தது. வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருந்ததால், புதியவர்களைச் சேர்ப்பது 2013இலேயே நிறுத்தப்பட்டது.

இந்த ஆய்வை ஒருசாரார் வேதவாக்காகக் கொள்கின்றனர், மறுசாரார் புறந்தள்ளுகின்றனர். எங்களுக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. வாழ்நாள் முழுவதும் தொடரும் ஒரு நோய்க்கு 33 மாதங்கள் என்பது சிறு காலம். ஒரே தவணையில் கட்டுவோரின் இழப்பு முதலில் தெரியும், வட்டி கட்டுவோரின் இழப்பு பின்னரே தெரியும். மேலும், அதில் அறுவைச் சிகிச்சை பெற்றோர் மிகக் குறைவு. எனவே, 24 வயதில் ஒருவருக்கு மூளையின் மேற்பரப்பில், முக்கியப் பணிகள் இல்லாத பகுதியில், 2 சென்டிமீட்டர் அளவில் உள்ள ஒரு முதற்படிநிலைப் பின்னலைத் தொடவே கூடாது என்று இந்த ஆய்வைக் காட்டி வாதிடுவது பொருந்தாது. அதேபோல், 63 வயதில் ஒருவருக்குப் பேச்சுப் பகுதியில், ஆழ்சிரைகளில் வடியும், 5 சென்டிமீட்டர் பின்னல் தற்செயலாகத் தென்பட்டது என்பதற்காகவே அதை அகற்ற முனைவதும் பொருந்தாது. கையில் கருவி இருப்பது அதைப் பயன்படுத்துவதற்குப் போதிய காரணம் ஆகாது என்ற பாடத்தை ‘அரூபா’ எங்களைப் போன்றோர்க்குக் கற்பித்தது. அந்த அளவில் அது நன்மையே செய்தது.

இக்காரணத்தால், கசியாத பின்னலின் முடிவை ஒரே துறையின் மருத்துவர் தனியே எடுக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான நிலைப்பாடு. நரம்பியல் மருத்துவர், நரம்பியல் அறுவை மருத்துவர், நாளவழிச் சிகிச்சை வல்லுநர், கதிர்வீச்சு மருத்துவர் ஆகியோர் ஒரே படத்தின்முன் அமர்ந்து பேச வேண்டும். ஒரு மருத்துவமனையில் ஒரு வசதி இல்லையென்றால், அவ்வசதி உள்ள இடத்துக்கு நோயாளியை அனுப்பத் தயங்கக் கூடாது. இரண்டாவது கருத்தைக் கேட்பது எங்களை அவமதிப்பதாகாது. உங்கள் படங்களின் குறுந்தகடுகளை நீங்களே கேட்டுப் பெற்று, பழைய அறிக்கைகளோடு ஒரே பையில் வைத்திருங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. மற்றொரு மருத்துவர் பார்க்க விரும்புவது படத்தையே.

நோயாளியும் அறைக்குள் இருக்கட்டும்

உறவினர் எங்களைத் தனியே அழைத்து, “அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்; பயந்துவிடுவாள்” என்று கைகூப்பிக் கேட்பது உண்டு. அன்பின் மிகுதியால் கேட்கிறார்கள் என்பதை அறிவோம். எனினும், பருவம் வந்த ஒருவரின் மூளையைப் பற்றிய முடிவை அவர் அறியாமல் எடுப்பது முறையன்று. அது நடைமுறையிலும் தீங்கானது. தன் நோயை அறியாதவர் வலிப்பு மாத்திரையை ஏன் விடாமல் உண்ண வேண்டும்? திடீர்த் தலைவலி வந்தால் ஏன் பதறி ஓடிவர வேண்டும்?

பெண்பிள்ளைகளின் நிலையில் இம்மறைப்பு இன்னும் தீவிரமாகிறது. திருமணப் பேச்சு நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் கோப்புகள் பூட்டிவைக்கப்படுகின்றன. மாத்திரைகள் புகுந்த வீட்டுக்குச் செல்வதில்லை. பின்னல் உள்ளவர்கள் மணம் செய்துகொள்ளக் கூடாது என்று மருத்துவம் சொல்லவில்லை. கருவுற்ற காலத்தில் கசிவின் ஆபத்து கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. பலர் நலமாகப் பிள்ளை பெற்றிருக்கின்றனர். நாங்கள் வேண்டுவது, கருவுறுவதற்கு முன்பே எங்களிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் வந்து பேச வேண்டும் என்பதே. சிகிச்சை தேவையெனில் முன்னதாக முடித்துக்கொள்ளலாம். வால்ப்ரோயேட் போன்ற சில வலிப்பு மருந்துகள் கருவுக்குத் தீங்கு செய்யும்; அவற்றைத் தாமாக நிறுத்திவிடாமல், மருத்துவரின் துணையோடு முன்னதாகவே மாற்றிக்கொள்ள வேண்டும். ஒளித்துவைத்தால் இவற்றுள் ஒன்றும் நடவாது.

வீட்டில் நினைவில் கொள்ளவேண்டியவை

இதுவரை இல்லாத கடுமையான தலைவலி நொடியில் தாக்குதல், வாந்தியோடு மயக்கம், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல், பார்வை மறைதல், வலிப்பு ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் காலை விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேன் வசதியும் நரம்பியல் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கு நேரே செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும். பின்னல் இருப்பதை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வலிப்பு வந்தால் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கழுத்து இறுக்கத்தைத் தளர்த்துங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பற்களுக்கிடையே கரண்டியை நுழைப்பதும், சோடா புகட்டுவதும் வேண்டா. வலிப்பு உள்ளவர்கள் மருத்துவர் அனுமதிக்கும்வரை வண்டி ஓட்டுதல், கிணற்றில் தனியே குளித்தல், உயரத்தில் ஏறி வேலை செய்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளையும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளையும் எங்களைக் கேளாமல் உண்ண வேண்டா. புகைப்பிடித்தலைக் கைவிடுங்கள். நடைப்பயிற்சி, அன்றாட வேலை, படிப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலோர்க்குத் தடையில்லை. பின்னல் உள்ளவரைக் கண்ணாடிப் பாத்திரம்போல் மூலையில் உட்காரவைப்பது அவருக்குச் செய்யும் நன்மை ஆகாது.

கதிர்வீச்சு அறுவை பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மூன்றாம் ஆண்டில் எடுக்கவேண்டிய படத்துக்கு வாருங்கள். தலைவலி இல்லை, வலிப்பு இல்லை என்பதால் பின்னல் அடைபட்டுவிட்டது என்று கொள்ள இயலாது. பயணச் செலவும் ஒருநாள் கூலி இழப்பும் எளியவர்க்குப் பெரியவை என்பதை அறிவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர், எந்தப் பரிசோதனை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தமுறை எங்களைக் காண வரும்போது, ஒரு தாளில் இக்கேள்விகளை எழுதிக்கொண்டு வாருங்கள். இந்தப் பின்னல் முன்பு கசிந்ததா? அதன் படிநிலை என்ன? உடன் புடைப்பு உண்டா? சிகிச்சை அளிக்காவிட்டால் என் வயதில் எனக்குள்ள ஆபத்து எவ்வளவு? சிகிச்சையால் வரக்கூடிய பாதிப்பு எது. பேச்சா, கையா, பார்வையா? முழுமையாக நீக்கும் வாய்ப்பு எவ்வளவு? முழுமையாக நீங்காவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்? இந்தச் சிகிச்சையை இங்கே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? இக்கேள்விகளுக்குப் பொறுமையாக விடை கூறுவது எங்கள் கடமை. விடை புரியவில்லையென்றால் மீண்டும் கேளுங்கள். வரிசையில் பின்னால் இருபது பேர் காத்திருக்கிறார்களே என்று தயங்கி எழுந்து செல்ல வேண்டா. அவர்களுக்கும் அதே அளவு நேரத்தைத் தர நாங்கள் அமர்ந்திருக்கிறோம்.